மலைக்குப் போவோம், கேட்டறிந்து போவோம்

(கூட்டமைப்பின் ஆடி மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர்கள் சார்பில் ஆற்றிய உரை. வர இயலாத குழுக்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுத்தில் தருகிறோம்.)



போன மாதம் பதினொரு குழுக்களிடமிருந்து ஒரே கோரிக்கை வந்தது. "வருஷா வருஷம் கண்டுணர் பயணம்னு சொல்லி மாட்டுப் பண்ணையும் மண்புழு உரமும் காட்டிக் கூட்டிட்டு வர்றீங்க. ஒரு தடவை மலைக்குக் கூட்டிட்டுப் போங்க. நாங்களும் மலையேறிப் பார்க்கணும்" என்று எழுதியிருந்தீர்கள். ஊர் பெயரையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். மூணாறு. நாளும் குறித்துவிட்டீர்கள். அடுத்த மார்ச் 8, மகளிர் தினம்.

ஊருக்குச் சரி என்கிறோம். நாளுக்குச் சரி என்று சொல்ல மாட்டோம். ஏன் என்று சொல்லத்தான் இன்று நேரம் கேட்டு வாங்கியிருக்கிறோம். முழுவதும் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவோம். "பொம்பளைங்களுக்கு எதுக்கு மலையேத்தம்? வீட்ல வேலை இல்லையா?" என்று சில வீடுகளில் கேட்டிருக்கிறார்கள். விறகுச் சுமையோடு கரட்டில் ஏறி இறங்கும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. தண்ணீர்க் குடத்தோடு இரண்டு மைல் நடக்கும்போதும் கேட்பதில்லை. சுமை இல்லாமல், நமக்காக, கண்ணால் பார்த்து மனசு நிறைய நடக்கிறோம் என்றால் மட்டும் கேள்வி வருகிறது. உழைக்கிற கால்களுக்கு ஒரு நாள் சந்தோஷமாக நடக்கவும் உரிமை உண்டு. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறோம்.

ஆனால் எந்த ஊருக்குப் போகிறோம், அது எப்படி உண்டான ஊர் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். தெரியாமல் போனால் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவோம். தெரிந்து போனால் அது நம் கதையாகவே இருக்கும்.

அது வெறும் சுற்றுலா ஊர் அல்ல

மூணாறு என்றால் மூன்று ஆறு. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்றும் கூடுகிற இடம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,600 மீட்டர் உயரம். கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை, தேவிகுளம் வழியாகப் போனால் மூணாறு.

பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி தேயிலைத் தோட்டம் தெரியும். பார்க்கிறவர்கள் "இயற்கை என்ன அழகு!" என்பார்கள். சகோதரிகளே, அந்தப் பச்சை இயற்கையாக வந்ததல்ல. அது ஒரு தொழிற்சாலையின் வயல். 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரசரிடமிருந்து அந்த மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். முதலில் சிங்கோனா, காப்பி, ஏலம் என்று பலதும் போட்டுப் பார்த்தார்கள். 1880-ல் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை வைத்தார்கள். 1897-ல் கண்ணன் தேவன் மலை உற்பத்திக் கம்பெனி உண்டானது. அதன் பிறகு மலை முழுக்கத் தேயிலைதான்.

தேயிலையைப் பறித்தால் போதுமா? கீழே கொண்டுவர வேண்டாமா? இங்கேதான் நம் பக்கத்து ஊர்கள் கதைக்குள் வருகின்றன. 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். சின்னச் சக்கரம் தண்டவாளத்தில் ஓடும், பெரிய சக்கரம் பக்கத்து ரோட்டில் உருளும். இழுத்தது யார்? காளை மாடுகள். 1908-ல் அதை மாற்றி, இரண்டடி அகலப் பாதையில் நீராவி ரயில் விட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட ரோப்வேயில் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. மேலே இருந்த நிலையம் டாப் ஸ்டேஷன். கீழே கொட்டகுடியில் இருந்தது பாட்டம் ஸ்டேஷன். இன்று காட்சி பார்க்கக் கூட்டம் கூடுகிற டாப் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வந்தது இப்படித்தான்.

1924 ஜூலையில் பெருமழை. மலை சரிந்து வெள்ளம் வந்தது. ரயில் பாதை, பாலம், கடைவீதி எல்லாம் போனது. அந்த ரயிலை மறுபடி யாரும் போடவில்லை.

நல்லதண்ணி எஸ்டேட்டில் ஒரு தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. 2005-ல் திறந்தார்கள். பழைய இலை உருட்டும் இயந்திரம், அந்த ரயிலின் சக்கரம், தண்ணீர் விசையில் மின்சாரம் எடுத்த சக்கரம் எல்லாம் அங்கே பார்க்கலாம். கருங்கல்லில் செய்த ஒரு சூரிய கடிகாரமும் உண்டு. 1913-ல் நம் நாசரேத் கலைத் தொழிற்பள்ளியில் செய்தது. பறித்த இலையை வாட்டி, உருட்டி, காற்றுப் படவைத்து நிறம் மாற்றி, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிப்பதை அங்கேயே காட்டுகிறார்கள். தினம் நாலு டம்ளர் டீ போடுகிற நாம் அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

கூடை சுமந்தவர்கள் யார்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இந்தத் தோட்டத்தில் உழைக்க ஆட்கள் எங்கிருந்து போனார்கள்? பெரும்பாலும் தமிழ் நாட்டுக் கிராமங்களிலிருந்துதான். மழை பொய்த்த வருஷம் கங்காணி ஊருக்கு வருவார். கையில் முன்பணம் கொடுப்பார். அந்தப் பணம் கடன். கடனைக் கட்ட மலையேற வேண்டும். மலையில் கூலி போதாது, கடன் தீராது, திரும்பி வரவும் முடியாது. அப்படியே தலைமுறை தலைமுறையாக லயத்து வீடுகளில் தங்கிவிட்டார்கள்.

நம் குழுக்கள் எதற்காகத் தொடங்கின? கந்துவட்டியிலிருந்து தப்பிக்கத்தானே. அவசரத்துக்கு முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் வழி எவ்வளவு பழையது என்று பாருங்கள். அந்தக் காலத்துப் பெண்களுக்கு வாரச் சேமிப்பும் உள்கடனும் இருந்திருந்தால் எத்தனை குடும்பம் தப்பித்திருக்கும்!

தேயிலை பறிப்பது இன்றும் பெரும்பாலும் பெண்கள் வேலைதான். சரிவில் நின்று, குளிரிலும் மழையிலும், அட்டைக் கடியோடு செய்கிற வேலை. 2005-ல் டாடா டீ கம்பெனி பெரும்பாலான தோட்டங்களைப் புதிய கண்ணன் தேவன் கம்பெனிக்கு மாற்றியது. தொழிலாளர்களையும் அதில் பங்குதாரர்கள் ஆக்கினார்கள். பெயரில் பங்கு வந்தது. ஆனால் 2015-ல் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது. அப்போது தினக்கூலி 232 ரூபாய்.

அந்தச் செப்டம்பரில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் தோட்டத்தை விட்டு இறங்கி மூணாறு நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழ் பேசும் பெண்கள். தொழிற்சங்கத்தின் ஆண் தலைவர்களைக் கிட்டவே விடவில்லை. "எங்களுக்காக நாங்களே பேசிக்கொள்கிறோம்" என்பதுதான் அவர்கள் நிலை. 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பெண்கள் ஒற்றுமை என்று பொருள். ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. அடுத்த மாதம் கூலி 301 ரூபாய் ஆனது. கேட்டது 500. முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் பெண்களே முன்னின்று போராடியதால் கிடைத்தது அது.

ஆகவே மூணாறில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் "இந்த ரோட்டில்தான் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்" என்று நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பறித்துக்கொண்டிருக்கிற பெண்ணைக் கண்டால் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். அவர்களுக்கு எடை போடும் நேரம் இருக்கிறது. முதலில் "அக்கா, நல்லா இருக்கீங்களா, எந்த ஊரு?" என்று கேளுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊராகக்கூட இருக்கும்.

சரி, மலையேற்றம் எங்கே?

நாங்கள் விசாரித்து வந்த வரையில் சொல்கிறோம். வயதும் உடம்பும் பார்த்து மூன்று விதமாகப் பிரிக்கலாம்.

முதலாவது, எல்லோராலும் முடிந்தது. இரவிகுளம் தேசியப் பூங்காவின் இராஜமலை. வனத்துறை வண்டியில் கொண்டுபோய் விடுவார்கள். மேலே நல்ல பாதையில் கொஞ்ச தூரம் நடக்கலாம். வரையாடு மிகப் பக்கத்தில் நிற்கும். அது நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. தென்னிந்தியாவின் உயரமான சிகரம் ஆனைமுடி, 2,695 மீட்டர், அங்கிருந்து தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது. அடுத்தது 2030. மூட்டு வலி உள்ள அக்காமார்களுக்கு இது போதும், மனசு நிறையும்.

இரண்டாவது, கொழுக்குமலை. இது தேனி மாவட்ட எல்லைக்குள் வருகிறது. ஆனாலும் சூரியநெல்லியிலிருந்துதான் ஜீப் ஏறிப் போக வேண்டும். 7,000 அடிக்கு மேலே ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. விடியற்காலையில் சூரியன் எழுவதைப் பார்க்கப் போகிறார்கள். ஒன்று சொல்லிவிடுகிறோம். அந்த ஜீப் பாதை குலுக்கி எடுத்துவிடும். கர்ப்பிணிகள், கர்ப்பப்பை அறுவை செய்தவர்கள், இடுப்பு வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம். வாடகையை ஏறுமுன் பேசி முடியுங்கள், ஏறிய பிறகு பேசாதீர்கள்.

மூன்றாவது, உண்மையான மலையேற்றம். மீசைப்புலிமலை 2,640 மீட்டர். கேரள வன வளர்ச்சிக் கழகம் வழிகாட்டியோடு அழைத்துப் போகிறது. முன்பதிவு வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் 2024 அக்டோபரில் நம் அரசு 40 மலைப் பாதைகளை முறைப்படி திறந்தது. இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். மலைவாழ் மக்களும் உள்ளூர் இளைஞர்களும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்று வருகிறார்கள். அதில் குரங்கணியிலிருந்து சாம்பலாறு வரை போகிற பாதையும் ஒன்று. நல்ல நடை உள்ள இளம் சகோதரிகள் இதற்குப் பெயர் கொடுக்கலாம்.

இந்த மலைகளில் முதலில் இருந்தவர்கள் முதுவர்கள். மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகில் சுமந்து மலையேறி வந்ததாக அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். காட்டுப் பாதை அவர்களுக்குக் கைரேகை மாதிரி. வழிகாட்டி ஒரு வயசுப் பையனாக இருந்தாலும், காட்டுக்குள் அவர் சொல்தான் சட்டம். "தம்பிக்கு என்ன தெரியும்" என்று பேசக் கூடாது.

ஏன் மார்ச் 8 வேண்டாம்?

இப்போது நாளைப் பற்றிப் பேசுவோம்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து மலையேற வந்த இரண்டு கூட்டம் அதில் மாட்டிக்கொண்டது. பெண்களே அதிகம். நம் பிள்ளைகள் வயது. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வரும்போது புல்மேட்டில் தீ சூழ்ந்தது. அன்றும் பின்னர் மருத்துவமனைகளிலும் சேர்த்து 23 பேர் இறந்தார்கள். அனுமதி டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான், போனது வேறு பாதை என்று வனத்துறை சொன்னது.

இறந்தவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர்களும் நம்மைப் போலத்தான், மலை பார்க்க ஆசையோடு வந்தவர்கள். மகளிர் தினத்தை ஒட்டிய அதே வாரம் அது. அதனால்தான் உங்கள் கடிதத்தில் மார்ச் 8 என்று பார்த்ததும் எங்களுக்கு நெஞ்சு திக்கென்றது.

ஏன் மார்ச்சில் ஆபத்து? மாசி, பங்குனியில் மலைப்புல் ஆள் உயரத்துக்குக் காய்ந்து நிற்கும். ஒரு பீடித் துண்டு போதும். சரிவில் தீ மேல்நோக்கி வேகமாக ஏறும், மனுஷன் ஓடுகிற வேகத்தைவிட அதிகம். வைக்கோல் போரில் தீப்பிடித்ததை நாம் பார்த்திருக்கிறோமே, நெருப்பு எந்தப் பக்கம் போகும்? மேலே. அதேதான். தீயைக் கண்டு பயந்து உச்சியை நோக்கி ஓடினால் தீ துரத்திப் பிடித்துவிடும். புல் இல்லாத பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து ஆறிய கருந்தரை, இவைதான் அடைக்கலம். நைலான், பாலியெஸ்டர் துணி உருகி உடம்பில் ஒட்டும். பருத்தித் துணிதான் நல்லது. இதெல்லாம் தெரிந்தாலும், முதல் பாதுகாப்பு அந்த மாதத்தில் போகாமல் இருப்பதுதான்.

இன்னொரு விஷயம். வரையாடு குட்டி போடும் காலம் என்று இரவிகுளம் பூங்காவை வழக்கமாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடிவிடுவார்கள். மார்ச் 8-க்குப் போனால் பூட்டிய கேட்டைத்தான் பார்ப்போம்.

மழைக்காலத்தில் போகலாமா என்றும் ஒரு குழு கேட்டது. அதற்கும் ஒரு தேதி சொல்கிறோம். 2020 ஆகஸ்ட் 6 இரவு. இராஜமலைக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடி. விடாத மழையில் மலை சரிந்து தூங்கிக்கொண்டிருந்த லயத்து வீடுகள் மேல் விழுந்தது. 70 பேர் போய்விட்டார்கள். தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. சாலையும் மின்சாரமும் போன் தொடர்பும் இல்லாததால் விடிந்துதான் வெளியே தெரிந்தது. நாம் ஒரு நாள் பார்க்கப் போகிற மலையில் அவர்கள் வருஷம் முழுக்க இருக்கிறார்கள். அழகும் ஆபத்தும் ஒரே மலையில்தான். மழைக்காலத்தில் அந்த ரோட்டில் நம் வண்டியும் போக வேண்டாம்.

பிறகு எப்போது? பொங்கல் முடிந்து ஜனவரி கடைசி வாரம் என்கிறோம். மழை ஓய்ந்திருக்கும். புல் முழுதும் காய்ந்திருக்காது. பூங்கா திறந்திருக்கும், ஆனாலும் கிளம்புமுன் போன் போட்டு உறுதி செய்துகொள்வோம். குளிர் மட்டும் கடுமையாக இருக்கும். அதற்கு ஸ்வெட்டர் இருக்கிறது. மகளிர் தினத்தை நம் ஊரிலேயே கொண்டாடலாம், மலையில் எடுத்த போட்டோவைப் பெரிதாக வைத்து.

குழுவுக்கு விதி உண்டு, மலைக்கும் விதி உண்டு

விசாரிக்கப் போன இடத்தில் ஒரு வண்டி ஏற்பாட்டாளர் எங்களிடம் சொன்னார்: "அனுமதி, பதிவெல்லாம் எதுக்கு மேடம்? தெரிஞ்ச பையன் இருக்கான், குறுக்கு வழியா கூட்டிட்டுப் போவான், பாதிப் பணம்தான்." நாங்கள் வேண்டாம் என்று வந்துவிட்டோம். ரசீது இல்லாமல் கடன் கொடுப்போமா? தீர்மானம் எழுதாமல் பணம் எடுப்போமா? மாட்டோம். ரசீது இல்லாத மலையேற்றமும் வேண்டாம். அனுமதிச் சீட்டில் எழுதியிருக்கிற பாதையில்தான் நடப்போம். யாராவது "இப்படிப் போனா சீக்கிரம்" என்றால், "சீட்டுல இருக்கா?" என்று கேளுங்கள்.

மற்ற விதிகள் இவை. ஒவ்வொரு குழுவும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, வருகைப் பதிவு. ஏறும்போது ஒருமுறை, தங்கும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை பெயர் கூப்பிட வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர். முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் நன்றாக நடக்கிற ஒருவர். யாரும் தனியே ஒதுங்கக் கூடாது. இயற்கை உபாதைக்கும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும்.

இரண்டு, உடம்பு. சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிக் கேட்டுவிட்டு வாருங்கள். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பஸ்ஸில் விட்டுவிட வேண்டாம். "வெட்கமா இருக்கு" என்று மறைக்காதீர்கள். மாதவிலக்கு நாளாக இருந்தால் நடக்கலாமா என்று கேட்கிறீர்கள். உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாக நடக்கலாம். அணையாடையைக் காகிதத்தில் சுற்றிப் பையில் கொண்டுவந்துவிட வேண்டும், காட்டில் போடக் கூடாது.

மூன்று, காலும் உடையும். ரப்பர் செருப்பு வழுக்கும். பிடிப்புள்ள ஷூ வேண்டும். புதிதாக வாங்கினால் ஒரு மாதம் முன்பே போட்டு நடந்து பழகுங்கள், இல்லாவிட்டால் கடித்துவிடும். மலையேறுகிறவர்களுக்குச் சுடிதார் வசதி. சேலைதான் கட்டுவேன் என்கிறவர்கள் வயலில் இறங்கும்போது செருகுகிற மாதிரி தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். அட்டைக்கு உப்புப் பொட்டலம் ஒன்று.

நான்கு, மிருகம். சின்னக்கானல் பக்கம் சுற்றிய அரிக்கொம்பனை 2023-ல் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மே மாதம் கம்பம் ஊருக்குள்ளேயே வந்தது நமக்கு நினைவிருக்கிறது. யானை நடமாடும் மலை அது. யானையைக் கண்டால் போன் எடுத்துக் கிட்டப் போக வேண்டாம், சத்தம் போடவும் வேண்டாம். வழிகாட்டி சொல்கிறபடி பின்வாங்குங்கள்.

ஐந்து, தீயும் குப்பையும். தீப்பெட்டி கொண்டுவரக் கூடாது. அடுப்பு மூட்டக் கூடாது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு போவோம். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், எவர்சில்வர் பாட்டிலில். கொண்டுபோனது எல்லாம் திரும்பி வர வேண்டும்.

ஆறு, தொடர்பு. மலையில் பல இடத்தில் சிக்னல் கிடைக்காது. எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று கீழே ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவோம். அவசரத்துக்கு 112 எண் இரண்டு மாநிலத்திலும் செல்லும்.

பணம் எங்கிருந்து?

இந்தப் பயணத்துக்கு உள்கடன் எடுக்க வேண்டாம். வங்கிக் கடனைத் தொடவே வேண்டாம். சந்தோஷத்துக்குப் போய் வட்டியோடு திரும்பினால் கங்காணி முன்பணத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்த மாதத்திலிருந்து விருப்பமுள்ளவர்கள் மாதம் 200 ரூபாய் தனியாகக் கட்டினால் ஜனவரிக்குள் ஆளுக்கு 1,200 ரூபாய் சேரும். அந்தத் தொகைக்குள் அடங்குகிற மாதிரி பயணத்தை வகுப்போம். அதற்குத் தனி நோட்டு, தனி ரசீது. வர முடியாமல் போகிறவருக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று தீர்மானத்திலேயே எழுதிவிடலாம்.

செலவு செய்யும்போதும் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். கேரளாவில் நம்மைப் போன்ற பெண்கள் குழுக்கள் 1998-லிருந்து குடும்பஸ்ரீ என்ற பெயரில் இயங்குகின்றன. அவர்கள் நடத்தும் உணவகமோ கடையோ கண்ணில் பட்டால் அங்கே சாப்பிடுவோம், அங்கே வாங்குவோம். எப்படிக் கணக்கு வைக்கிறார்கள், எப்படி வேலையைப் பங்கு போடுகிறார்கள் என்று கேட்டு வருவோம். அதுவே நல்ல கண்டுணர் பயணம்தான். டீத்தூள் வாங்கும்போது பாக்கெட்டில் யார் தயாரித்தது, எந்தத் தேதி என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

நீங்கள் முடிவு செய்ய வேண்டியது

சகோதரிகளே, "பயமுறுத்திட்டீங்களே" என்று சிலர் முகம் சொல்கிறது. பயமுறுத்துவது நோக்கம் அல்ல. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். ஆற்றுக்கே போகாதே என்று அவர்கள் சொல்லவில்லை. இந்தத் தடவை ஒழுங்காகப் போய் நல்லபடியாகத் திரும்பினால், அடுத்த தடவை "எதுக்கு மலையேத்தம்" என்று எந்த வீட்டிலும் கேட்க மாட்டார்கள். ஒரு தப்பு நடந்தால், நம் பெண் பிள்ளைகளையும் சேர்த்து வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால்தான் தேதியில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறோம்.

மூன்று விஷயங்களைக் குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள். தேதியை மார்ச்சிலிருந்து ஜனவரி கடைசி வாரத்துக்கு மாற்றச் சம்மதமா? தனிச் சேமிப்பாக மாதம் 200 ரூபாய் கட்ட முடியுமா? மூன்று விதத்தில் யார் யார் எதற்குப் பெயர் கொடுக்கிறார்கள்? மூன்றாவது விதத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் நாளையிலிருந்தே தினம் ஒரு மணி நேரம் நடக்கத் தொடங்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து நடந்தால் இன்னும் நல்லது, ஊரும் பார்க்கட்டும்.

தீர்மான நகலை அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் ஊக்குநர்கள் கூட்டமைப்பு அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். பதிவும் அனுமதியும் பெற எங்களுக்கு நாள் வேண்டும்.